திரும்பும் பாஸ்

ரயில்வே குவார்ட்டர்ஸ்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
7.8.1982, சனிக்கிழமை

அன்பின் மீனலோசனிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர் என்று நம்புகிறேன். நேற்றிரவு ரயில் பதினொரு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. நீர் ஜன்னலிலிருந்து கையசைத்தீர். நான் அசைக்கவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். என் கையில் உமது குடை இருந்தது. பிளாட்பாரத்து வாங்குப் பலகையிலேயே மறந்து விட்டுப் போனீர். ஊதாப்பூப் போட்ட அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நான் ஸ்டேஷனிலிருந்து வீடுவரை நடந்து வந்தேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

ஆறு வருடமாக அந்தப் பெண்ணின் பெயரை நான் இந்த வீட்டில் சொன்னதில்லை. இப்போதும் எழுதவில்லை. அவள் கட்டிக்கொண்ட ஆஸ்திரேலியனுக்குப் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் வேலை முடிந்துவிட்டது, மாதக் கடைசியில் அவன் நாட்டுக்கே போகிறார்கள், அதற்குமுன் ஒரு வாரம் கடற்கரையில் வந்து ஓய்வாக இருங்கள் என்று உமக்குக் கடிதம் வந்தது. நீர் பத்து நாள் அழுதீர். நான் ரயில்வே ஊழியர் குடும்பத்துக்குரிய இலவசப் பயணப் பாஸ் எழுதிக் கொடுத்தேன். நடந்தது இவ்வளவுதான். நான் சம்மதித்து அனுப்பினேன் என்று அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இரண்டு விஷயம்.

ஒன்று, திரும்பி வருவதற்கான பாஸ் உமது கைப்பையில் இல்லை. தேடிக் கலவரப்பட வேண்டாம். என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இந்த வருடத்தில் நமக்குரிய கடைசிப் பாஸ் அது. தேதி போடாமல் வைத்திருக்கிறேன். அங்கே நடப்பதை நீர் எழுதிய பிறகு தேதி எழுதி அனுப்புவேன். பாஸ் எழுதுவது என் வேலை. முப்பத்தொரு வருடத்தில் ஒன்றுகூடப் பிழையாக எழுதியதில்லை.

இரண்டு, என் பேனாவைக் காணவில்லை. இருபத்தைந்து வருடச் சேவைக்குக் கிடைத்த பேனா. புதன்கிழமை பக்கத்து வீட்டு வேலாயுதம் ஏதோ விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும் என்று வந்து வாங்கினான். திருப்பித் தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இதை மை ஒழுகும் ஒரு பால்பேனாவால் எழுதுகிறேன்.

மூன்று நாளைக்கு நீர் வைத்துவிட்டுப் போன கறியில் உப்புக் குறைவு.

இப்படிக்கு,
க. சண்முகரத்தினம்


தஞ்சோங் பூங்கா,
பினாங்கு.
8.8.1982, ஞாயிறு

அன்புள்ள மலரின் அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலிக்கு எண்ணெய் அடுப்பங்கரையில் மேல்தட்டில் இருக்கிறது. நான் இல்லை என்று தேய்க்காமல் விடாதீர்கள்.

நேற்றுக் காலை ஃபெரி இறங்கியதும் மலர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் மருமகன் கீத் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. பிள்ளைக்கு எட்டு மாதம். ரூபன் என்று பெயர். அவர்கள் வாய்க்கும் வரும், எங்கள் வாய்க்கும் வரும்.

இந்த இடத்தைப் பற்றி என்ன சொல்ல! வாசலைத் திறந்தால் மணல், மணலுக்கு அப்பால் கடல். வரிசையாக எல்லாம் வெள்ளைக்காரர் வீடுகள். பெண்கள் காலை பத்து மணிக்கே வெயிலில் துணி காயப்போட்டமாதிரிக் கிடக்கிறார்கள். நாம் வெயிலுக்கு ஒதுங்குகிறோம், இவர்கள் வெயிலைத் தேடிப் படுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கேக் கொண்டுவந்து, "மீனா, மீனா" என்று நெடுநாள் பழகியவர்போல் பேசினார். பாதி விளங்கவில்லை. நானும் தலையாட்டிச் சிரித்து வைத்தேன். பின்னேரத்தில் ஒரு மலாய்க்காரர் மணலில் குதிரை கொண்டுவந்து பிள்ளைகளை ஏற்றுகிறார். எட்டிப்பிடிக்கிற தூரத்தில் சாத்தே இறைச்சி சுட்டு விற்கிற கடை.

சாப்பிட்டதும் நான் தட்டை எடுத்தால் கீத் விடுவதில்லை. "சிட், அம்மா, சிட்" என்று பிடுங்கிக்கொண்டு போய் அவரே கழுவுகிறார். நான் கை வேலையில்லாமல் உட்கார்ந்து எத்தனை வருடம்? நேற்று மத்தியானம் படுத்தவள் நாலரை மணிக்குத்தான் எழுந்தேன். பயந்துபோய், "உலை வைக்கவில்லையே" என்று சத்தம் போட்டுக்கொண்டு எழுந்தேனாம். மலர் சிரித்துச் சிரித்துப் பிறகு அழுதுவிட்டாள்.

இப்போது முக்கியமான செய்தி. ரூபனுக்குக் கீழே முதல் பல் எட்டிப் பார்க்கிறது. வருகிற சனிக்கிழமை பல்லுக்கொழுக்கட்டை செய்வோம் என்று மலர் கேட்கிறாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தேங்காய்ச் சொட்டைக் கொழுக்கட்டையில் பல்லுப்போல் குத்துவது, பிள்ளையை உட்கார்த்திக் கிண்ணத்திலிருந்து கொழுக்கட்டையைத் தலையில் மெல்லக் கொட்டுவது, பிறகு பொருட்கள் வைத்த தட்டை நீட்டி எதை எடுக்கிறான் என்று பார்ப்பது, எல்லாம். எங்கள் குடும்பத்தில் தாயின் தகப்பன்தானே கொட்டுவது. மலருக்கு என் அப்பா கொட்டினார். அதனால்தான் அவள் கேட்கிறாள். வாய் திறந்து கேட்கப் பயப்படுகிறாள். "அப்பா வாறாரோ?" என்று மட்டும் கேட்டாள்.

வருவீர்களா?

அன்புடன்,
மீனலோசனி


பிரிக்பீல்ட்ஸ்.
10.8.1982, செவ்வாய், எக்ஸ்பிரஸ் தபால்

மீனலோசனிக்கு,

உமது கடிதம் வந்தது. முதலில் ஒன்று. என்னை இனி அந்தப் பெயரில் விளிக்க வேண்டாம். நான் யாருடைய அப்பாவும் இல்லை. ஆறு வருடத்துக்குமுன், பதிவு அலுவலகத்தில் அவள் கையெழுத்து வைத்த அன்று மத்தியானமே, அலுவலகக் குடும்பப் பதிவேட்டில் அவள் பெயர்மேல் கோடு போட்டேன். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில். சாட்சிக் கையெழுத்து வைத்தது உமது தம்பி கனகலிங்கம். செராஸிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போய் வைத்தான். அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் போவதில்லை. அந்த வருடம் கோயில் திருவிழா நோட்டீஸில் என் பெயரைக் கடைசி வரியில் போட்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும், போட்டவர்களுக்கும் தெரியும்.

வெள்ளைக்காரன் தட்டுக் கழுவுகிறான் என்று எழுதுகிறீர். இருபத்தெட்டு வருடம் இந்த வீட்டில் உம்மை யாரும் கட்டிப்போட்டு வேலை வாங்கவில்லை. மத்தியானம் படுக்க வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? படுத்திருக்கலாமே.

பல்லுக்கொழுக்கட்டை விஷயம். பக்கத்தில் பியர் குடிக்கிறவர்கள் சுற்றி நின்று கைதட்ட, அரை நிர்வாணப் பெண்கள் பார்த்துச் சிரிக்க, எங்கள் வழக்கத்தை நீங்கள் அங்கே வேடிக்கை காட்டப் போகிறீர்கள். அதற்கு ஒரு தகப்பன் வேறு வேண்டுமாம். நான் வரமாட்டேன். நீரும் அங்கே நிற்கக் கூடாது.

ஆகவே இத்துடன் உமது திரும்பும் பாஸை அனுப்புகிறேன். தேதி எழுதிவிட்டேன். 12ஆம் தேதி வியாழக்கிழமை இரவு ரயில். அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். வெள்ளிக்கிழமை விடியற்காலை நான் ஸ்டேஷனில் நிற்பேன். குடையைக் கொண்டுவருவேன்.

பேனா விஷயமாக வேலாயுதத்தை வாசலில் வைத்துக் கேட்டேன். "என்னா சார், நான் குடுத்துட்டேன்லா, உங்க வீட்டம்மா கையிலயே குடுத்தேன்" என்கிறான். உம்மைச் சாட்சிக்கு இழுக்கிறான், நீர் ஊரில் இல்லாத தைரியம். அவன் பெண்சாதி வெளியே வந்து, "நாங்க என்ன திருட்டுக் குடும்பமா?" என்று நாலு வீடு கேட்கக் கத்தினாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

க. ச.


தஞ்சோங் பூங்கா.
12.8.1982, வியாழன் காலை, எக்ஸ்பிரஸ்

அன்புள்ள மலரின் அப்பாவுக்கு,

இப்படித்தான் எழுதுவேன். உங்களுக்கு வேறு பெயர் என் வாயில் வந்து பழக்கமில்லை.

பாஸ் நேற்றுப் பின்னேரம் வந்தது. வாசல் படியில் உட்கார்ந்து பிரித்தேன். காலடியில் அலை வந்து போய்க்கொண்டிருந்தது. முதல் மூன்று நாள் எனக்கு அந்தச் சத்தம் தாலாட்டுமாதிரி இருந்தது. நேற்று இரவு முழுக்க அதே சத்தம் என்னைத் தூங்கவிடவில்லை. தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உங்கள் எழுத்து எவ்வளவு அழகு. பன்னிரண்டு. ஒரு நடுக்கம் இல்லை.

பேனாவை எடுத்தது நான். வேலாயுதம் என் கையில்தான் தந்தார். பிள்ளைக்குப் பல் முளைக்கிற வயது என்று நினைத்து, தட்டில் வைப்பதற்காக எடுத்து வந்தேன். பிள்ளை எதை எடுக்குமோ தெரியாது, ஆனால் எடுக்கக் கிடக்கிற பொருட்களில் தாத்தாவின் பொருள் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன். கேட்டால் தரமாட்டீர்கள் என்று கேட்கவில்லை. அது என் பிழை. அதற்காக ஒரு நல்ல மனிதரை வாசலில் வைத்து அவமானப்படுத்தியது உங்கள் பிழை. நீங்கள் போய் அவரிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் பதிவேட்டில் கோடு போட்டது எனக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து கையைக் கழுவினீர்கள். விரலில் சிவப்பு மை. நான்தான் தேய்த்து எடுத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வருடமாக நான் கேட்காத அந்த ஒரு வார்த்தையை இப்போது கேட்கிறேன். அவள் பெயரை அடிக்கும்போது என் பெயர் மேலே இருந்ததே, அது கண்ணில் படவில்லையா?

இன்றைய ரயிலில் நான் வரவில்லை. பாஸ் இருக்கிறது. தேவாரப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று சொல்லி வந்தேன். இனி அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நல்ல நேரம். வீட்டு விறாந்தையில் வைத்துச் செய்கிறோம். கைதட்ட யாரையும் கூப்பிடவில்லை. கனகலிங்கம் வருவான், அவனுக்கு நான் சொல்லாமல் விட முடியாது. கிண்ணம் உங்களுக்காகத்தான் இருக்கும். வெள்ளி இரவு ரயில் ஏறினால் பத்து மணிக்கெல்லாம் இங்கே வந்துவிடலாம். ஃபெரித் துறையில் இறங்கினால் கரையோரப் பஸ். செம்பருத்திப் பூச்செடி வைத்த பச்சை கேட் வீடு. எதிரே கடற்கரையில் சவுக்கு மரங்கள் நிற்கும்.

பாஸ் இல்லை என்று சொல்லாதீர்கள். ஊரில் எல்லோரும் டிக்கெட் வாங்கித்தான் ரயில் ஏறுகிறார்கள்.

மீனலோசனி


பிரிக்பீல்ட்ஸ்.
15.8.1982, ஞாயிறு

மீனலோசனிக்கு,

உமது தந்தி இன்று காலை வந்தது. அவர்கள் விமானம் ஏறும்வரை தங்கப் போகிறீர் என்று அறிகிறேன். தந்தியில் சொற்களுக்குக் குறைவில்லை, காரணம் மட்டும் இல்லை.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை இருந்தது. பிறகு வீட்டிலேயே இருந்தேன். இங்கே நல்ல மழை. வர நினைத்திருந்தாலும் வந்திருக்க முடியாது. நினைக்கவும் இல்லை.

உமது தம்பி நீலப் பூச்சட்டை போட்டுக்கொண்டு, கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்தபடி, வீட்டுக்கு உரியவன்போல் நின்றிருப்பான். அவன் சுபாவம் அது. அடுத்தவன் இடம் காலியாக இருந்தால் அவன் கால் தானாகவே அங்கே போய் நிற்கும். அந்த வெயிலில், கடல் காற்றில், பல் முளைத்த பிள்ளையை ஒரு தொப்பிகூட இல்லாமல் விறாந்தை விளிம்பில் வைத்திருப்பது என்ன வளர்ப்போ தெரியவில்லை. இதையெல்லாம் சொல்வது என் பொறுப்பும் இல்லை.

அலுவலக விஷயம் ஒன்று. பயன்படுத்தாத பாஸைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். விதி அது. பயன்படுத்தாததற்குக் காரணமும் பதிவேட்டில் எழுத வேண்டும். உடனே தபாலில் அனுப்பவும். என் சேவையில் இதுவரை எனக்கு எதிராக ஒரு குறிப்பும் இல்லை. உம்மால் ஒன்று வர வேண்டாம்.

க. சண்முகரத்தினம்


தஞ்சோங் பூங்கா.
18.8.1982, புதன்

அன்புள்ள மலரின் அப்பாவுக்கு,

கனகலிங்கத்தின் சட்டை நீலம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓம், நீலம்தான். முந்தின நாள் பக்கத்துக் கடற்கரையான பத்து பெரிங்கியில் ஒரு கடையில் வாங்கினான். பிள்ளைக்குத் தொப்பி இல்லை என்பதும் சரி. தலையில் கொட்ட வேண்டும் என்று நான்தான் கழற்றினேன்.

நான் உங்களைப் பார்த்தேன்.

பத்தே முக்கால் இருக்கும். கீத்தான் முதலில் சொன்னார், "அங்கே யாரோ ஒரு மனிதர் காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு மணலில் நிற்கிறார்" என்று. இந்தக் கடற்கரையில் சப்பாத்தோடு யாரும் நிற்பதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சவுக்கு மரத்துக்குப் பின்னால் முழுக்கைச் சட்டை. கையில் என்னுடைய ஊதாப்பூக் குடை. நீங்கள் மரத்துக்குப் பின்னால் நின்றீர்கள், குடை மரத்துக்கு வெளியே நின்றது.

மலரும் பார்த்துவிட்டாள். "அம்மா, நான் போய்க் கூப்பிடட்டே?" என்று கேட்டாள். "வேண்டாம்" என்றேன். ஆறு வருடம் நான் உங்கள் பின்னால் நின்று மெதுமெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. உங்களுக்கு அந்த ரயிலுக்குப் பாஸ் இல்லை. அப்படியென்றால் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கிறீர்கள், வாழ்க்கையில் முதல் தடவை. அவ்வளவு தூரம் வந்த மனிதன் மிச்சம் ஐம்பது அடியைத் தானே நடந்து வரட்டும் என்று நினைத்தேன். அது தவறோ சரியோ, நான் நினைத்தது அதுதான்.

கனகலிங்கம் கிண்ணத்தைச் சும்மா பிடித்திருந்தான். உள்ளேயிருந்து கொண்டுவந்து கொடுத்தவன் அவன், அவ்வளவே. உங்களைக் கண்டதும், "அக்கா, அத்தான் வந்திட்டார், இந்தா" என்று மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான், உங்கள் கண்ணில் படக் கூடாது என்று. நீங்கள் அதைப் பார்க்கவில்லை. அதற்குள் திரும்பி நடந்துவிட்டீர்கள்.

பதினொன்று இருபதுவரை கிண்ணம் மேசையில் இருந்தது. பிள்ளை மட்டும் கத்தினான். பிறகு நான் எழுந்தேன். பெண்பிள்ளை கொட்டுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. நான் கொட்டினேன். கொழுக்கட்டை கன்னத்தில் உருண்டு விழ, அவன் சிரித்தான். மலர் சத்தம் போட்டு அழுதாள்.

தட்டில் உங்கள் பேனா இருந்தது, என் வளையல் ஒன்று, கீத்தின் திருப்புளி, தேவாரப் புத்தகம். அவன் நேராகப் புத்தகத்துக்குப் போனான். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் புத்தகத்தை அவன் தொடவில்லை. உள்ளேயிருந்து நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தைப் பிடித்து இழுத்தான். உங்கள் பாஸ். இழுத்து நேரே வாய்க்குள் வைத்துவிட்டான். நாங்கள் பிடுங்குவதற்குள் புதுப் பல்லால் ஒரு கடி. "ஆள் ரயில்வேக்குத்தான்" என்று கீத் சொன்னார். அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பாஸ் இத்துடன் இருக்கிறது. காய வைத்துத்தான் அனுப்புகிறேன். நீங்கள் எழுதிய தேதியின்மேல் ஓட்டை விழுந்திருக்கிறது. விதிப்படி காரணம் எழுத வேண்டும் என்றீர்கள். என்ன எழுதுவீர்களோ எழுதுங்கள். பேனாவை மலரிடம் கொடுத்துவிட்டேன்.

26ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பினாங்கு விமான நிலையத்தில் இருப்போம். அதற்குப் பிறகு நான் பிரிக்பீல்ட்ஸ் வருவேனா, செராஸில் தம்பி வீட்டுக்குப் போவேனா என்று எனக்கே தெரியாது. நீங்கள் வருவதாக இருந்தால் ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். விமான நிலையத்தில் மறைந்து நிற்க மரம் இல்லை.

மீனலோசனி


பிரிக்பீல்ட்ஸ்.
23.8.1982, திங்கள், எக்ஸ்பிரஸ்

அன்பின் மீனலோசனிக்கு,

பாஸ் சனிக்கிழமை கிடைத்தது.

பொய் எழுதியது உண்மை. டிக்கெட் கவுண்டரில் பழனியப்பன் இருந்தான். "என்னா சார், நீங்க போய் டிக்கெட் கேக்கறீங்க? அங்க பாஸ் முடிஞ்சு போச்சா?" என்று வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கேட்டான். பணத்தை நீட்டி வாங்கினேன். இரவு முழுவதும் உட்கார்ந்தே வந்தேன். மரத்தடியில் நின்றபோது, கனகலிங்கம் கையில் கிண்ணத்தைக் கண்டேன். பிறகு வந்த வழியே திரும்பினேன். சப்பாத்தில் இன்னும் மணல் இருக்கிறது. இதற்குமேல் அதைப்பற்றி எழுத மாட்டேன். நீர் என்னைக் கூப்பிடாததையும் நான் மறக்க மாட்டேன். அது உமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலாயுதம் வீட்டுக்குப் போனேன். பேனா உம்மிடம் இருந்தது என்று சொன்னேன். "சரி விடுங்க சார், அக்கா வந்தா சொல்லுங்க, அவங்க கையால ஒரு காப்பி குடிச்சாத்தான் கணக்குத் தீரும்" என்றான். அவன் பெண்சாதி கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். மன்னிக்காதவர்களை எனக்குப் புரியும்.

இன்று காலை பாஸை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. தொலைந்துவிட்டது என்று எழுதியிருக்கலாம். மழையில் நனைந்தது என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் முப்பத்தொரு வருடத்தில் அந்தப் பதிவேட்டில் நான் உண்மைக்கு மாறாக ஒன்றும் எழுதியதில்லை. ஆகவே காரணம் என்ற இடத்தில், 'பேரனால் சேதமடைந்தது' என்று எழுதினேன். மேலதிகாரி சின்னையா கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"மிஸ்டர் ரத்தினம், உங்களுக்குப் பேரன் இருக்கிறானா? குடும்பப் பதிவேட்டில் பிள்ளைகளே இல்லையே. யாருடைய மகன் என்று எழுதாமல் நான் எப்படிக் கையெழுத்து வைப்பது?"

அவர் கேட்டது விதிப்படி சரி. அவரிடம் கையெழுத்துக்காக நீட்டிய பேனாவைத் திரும்ப வாங்கி, அதே வரியில், 'மகள் யோகமலரின் மகன்' என்று எழுதினேன். எழுத்து வழக்கம்போல் இல்லை. பால்பேனா ஒழுகியது.

வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். குடையைத் துடைத்து, வாசலில் மாட்டி வைத்திருக்கிறேன்.

சண்முகரத்தினம்